நோஆன்: பாட்டி வாங்கிய வீடு

பிரான்சின் நடுப்பகுதியில் பெரி என்றொரு வட்டாரம். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வயலும் வேலியும் மாடுகளும்தான். ஷதோரூ ரயில் நிலையத்திலிருந்து லா ஷாத்ர் போகிற சாலையில், அந்த ஊரை எட்டுவதற்குச் சற்று முன்னாலேயே நோஆன் வந்துவிடுகிறது. ஒரு குட்டித் தேவாலயம், சில வீடுகள். அதையொட்டி 19ஆம் நூற்றாண்டுப் பெண் எழுத்தாளர் ஜார்ஜ் சாண்டின் வீடு. அரண்மனையை எதிர்பார்த்துப் போகாதீர்கள். 18ஆம் நூற்றாண்டில் கட்டிய வசதியான பண்ணையார் வீடு, அவ்வளவுதான்.

இங்கே வருகிற பலருக்கும் ஷோபான் மேல்தான் கண். நியாயம்தான், 1839க்கும் 1846க்கும் இடையில் ஏழு கோடைகாலங்களை அந்த இசைமேதை இங்கே கழித்தார், தன் சிறந்த படைப்புகளில் பலவற்றை இங்கேதான் எழுதினார். ஆனால் அவருடைய அறையைத் தேடினால் ஏமாற்றம்தான். இருவருக்கும் இடையிலான காதல் முறிந்த பிறகு சாண்ட் அதைத் தடுப்பு வைத்துப் பிரித்து வேறு உபயோகத்துக்கு மாற்றிவிட்டார். சத்தம் வெளியே போகாமலிருக்கப் பஞ்சு வைத்துத் தைத்த கதவு மட்டும் மிச்சம்.

என்னை இழுத்தது சாண்டுடைய பாட்டியின் கதை. மரி ஓரோர் என்ற அந்தக் கைம்பெண் இந்த வீட்டை வாங்கியது 1793இல், பிரெஞ்சுப் புரட்சி உச்சத்தில் இருந்தபோது. அதே ஆண்டு கடைசியில் பாரிசில் ஒரு கன்னிமாடத்தில் சிறை வைக்கப்பட்டார். தலை தப்பியது பெரிய விஷயம். பல ஆண்டுகள் கழித்துப் பேத்தி படிக்கப் போனதும் அதே கன்னிமாடத்துக்குத்தான்!

1808இல் மகன் குதிரையிலிருந்து விழுந்து இறந்துபோக, நான்கு வயதுப் பேத்தி ஓரோரை, அதாவது பின்னாளைய சாண்டை, பாட்டி வளர்த்தார். 1821இல் பாட்டியும் போனார். 17 வயதில் வீடு பேத்திக்கு வந்தது. மறு ஆண்டே கல்யாணம். அப்புறமென்ன, அன்றைய சட்டப்படி சொத்து நிர்வாகம் கணவர் கைக்குப் போய்விட்டது. 1832இல் ஜார்ஜ் சாண்ட் என்ற ஆண்பெயரில் நாவல் எழுதிப் புகழ் பெற்ற பிறகும், பாட்டி வீட்டை மீட்க அவர் கோர்ட் படி ஏற வேண்டியிருந்தது. 1836இல்தான் வீடு திரும்பக் கிடைத்தது. எனக்கு அவருடைய காதல் கதைகளைவிட இந்த வழக்குதான் பெரிதாகப் படுகிறது.

எழுத்தாளர்கள் பால்சாக், ஃப்ளோபேர், துர்கனேவ், ஓவியர் தெலக்ருவா என்று வந்து தங்கியவர்களுக்குக் கணக்கில்லை. விருந்தாளிகளுக்குப் பொழுதுபோக வீட்டுக்குள்ளேயே ஒரு நாடக மேடை, பக்கத்தில் பொம்மலாட்ட மேடை. பொம்மைகளை மகன் மொரீஸ் மரத்தில் செதுக்குவார், அம்மா அவற்றுக்குச் சட்டை தைப்பார். இரவில் எல்லோரும் தூங்கிய பிறகு விடிய விடிய எழுத்து. இத்தனை பேருக்குச் சோறு போட்டது அந்தப் பேனாதானே!

1876 ஜூன் 8 அன்று சாண்ட் இந்த வீட்டிலேயே இறந்தார். கடைசிக் காலத்தில் தன் பேத்திகளுக்காகக் கதைகள் எழுதினார். அவர்களில் மூத்தவள் பெயரும் ஓரோர்தான். அந்த ஓரோர் 1952இல் வீட்டை அரசுக்குக் கொடுத்துவிட்டு, 1961 வரை வாழ்ந்தார். இப்போது வழிகாட்டியோடுதான் உள்ளே விடுகிறார்கள். சமையலறையில் சற்று மெதுவாக நடங்கள், மற்றவர்கள் ஷோபானைத் தேடி மாடிக்கு ஓடட்டும்.