ஆனி மாதத்தில் மூன்று நாள்

14 ஜூன் 2024, வெள்ளி, இரவு
பெங்களூரு விமான நிலையம்

எங்கள் மாங்காய் மண்டிக் கணக்கு நோட்டில் மீந்துபோன பக்கங்களில் இதை எழுதுகிறேன். ராத்திரி பதினொன்றுக்கு மேல்தான் விமானம். என் வீட்டுக்காரர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்குகிறார். மதியம் வரைக்கும் மண்டியில் ஏலத்தில் நின்றவர், கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் வழியாக இங்கே வந்து சேர்வதற்குள் களைத்துவிட்டார்.

எங்கள் கல்யாணம் 1999 ஜூன் 16, ஆனி மாதம். பத்திரிகையில் 'தருமபுரி மாவட்டம்' என்றுதான் அச்சாகியிருக்கும். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-ல். எங்கள் ஊரில் ஜூன் என்றால் மாங்காய் சீசனின் உச்சம். அன்றைக்குப் பந்தி நடந்துகொண்டிருக்கும்போதே, இரண்டு லாரி பெங்களூரா மாங்காய் வந்து நிற்கிறது என்று மண்டியிலிருந்து ஆள் வந்துவிட்டான். இவர் மாலையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, "வந்துடறேன்" என்று போனார். திரும்பும்போது ராத்திரி பத்து மணி. வேட்டி முழுக்க மாங்காய்ப் பால் கறை.

அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு கல்யாண நாளும் அப்படித்தான் போனது. காலையில் கோயில், ஒன்பது மணிக்கு ஏலம். நான் குறைபட்டுக்கொண்டதில்லை. அந்த இரண்டரை மாத வியாபாரத்தில்தானே வருஷம் முழுக்கச் சாப்பிடுகிறோம்.

இந்த வருஷம் கோடை வெயிலில் பூவும் பிஞ்சும் உதிர்ந்துபோனது. வரத்து பாதிகூட இல்லை. தம்பிதான் சொன்னான், "சீசன் சரியில்லாத வருஷம் இதுதான். இப்பவும் போகலைன்னா எப்பவுமே போக மாட்டீங்க. நான் மூணு நாள் பார்த்துக்கறேன்." டிக்கெட், விசா, அங்கே இறங்குவதற்கு முந்தின மூன்று நாளுக்குள் ஆன்லைனில் நிரப்ப வேண்டிய வருகை அட்டை எல்லாம் அவன் வேலை. தோட்டக்காரர்கள் கண்ணீர் விடுகிற வருஷத்தில் எனக்கு விடுமுறை கிடைத்ததை நினைத்தால் மனசு முழுசாகச் சந்தோஷப்படவில்லை. ஆனாலும் கிளம்பிவிட்டோம்.

15 ஜூன், சனி
சிங்கப்பூர்

காலையில் இறங்கியதும் கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தோம். ரயில் ஏறினால் பலகைகளில் தமிழ். இங்கே மலாய், சீனம், ஆங்கிலம், தமிழ் நான்கும் ஆட்சிமொழி. ஒலிபெருக்கியில் தமிழ்க் குரல் வந்தபோது அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். இத்தனை தூரம் வந்து நம் பேச்சு காதில் விழுந்ததும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

ரயில் நிலையத்தில் புகை பிடிக்கக் கூடாது என்பதற்குப் பக்கத்திலேயே முள்முள்ளாக ஒரு பழத்தின் படம். அதைக் கொண்டுபோகக் கூடாதாம். டுரியான். "ஒரு பழத்தை ரயிலில் ஏத்தக் கூடாதுன்னு போர்டு வெச்சிருக்காங்கன்னா, அதைச் சாப்பிடாம ஊருக்குப் போகக் கூடாது" என்றார்.

சிராங்கூன் சாலைப் பக்கத்தில் தங்கல். அறை மூன்று மணிக்குத்தான் என்று சொல்லிவிட்டார்கள். பைகளை அங்கேயே வைத்துவிட்டு தேக்கா சந்தைக்கு நடந்தோம். கீழ்த்தளத்தில் ஒரு பக்கம் சாப்பாட்டுக் கடைகள், இன்னொரு பக்கம் மீன், கறி, காய்கறி. முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வெற்றிலையும் பார்த்தபோது எங்கள் ஊர்ப் பழைய பேட்டையில் நிற்கிற மாதிரியே இருந்தது.

பழக்கடையில் அவர் கால் நின்றுவிட்டது. அட்டைப்பெட்டிகளில் அல்போன்சாவும் பங்கனப்பள்ளியும். ஒரு பழத்தை எடுத்தார். அமுக்கவில்லை, அவர் ஒருநாளும் பழத்தை அமுக்க மாட்டார். காம்புப் பள்ளத்துக்கு இரண்டு பக்கமும் தோள் எழும்பியிருக்கிறதா என்று கட்டைவிரலால் தடவினார். காம்பை மூக்கருகே கொண்டுபோனார். கண்ணை மூடினார். "மூணு நாள் முந்திப் பறிச்சுட்டாங்க" என்றார் மெதுவாக. கடைக்காரர் நிமிர்ந்து, "நீங்க பழ வியாபாரமா, அண்ணே?" என்று தமிழில் கேட்டார். அப்புறம் அரை மணி நேரம் இரண்டு பேருக்கும் பேச்சுதான். பறிப்பு, பழுக்க வைப்பது, வழியில் எத்தனை அழுகும், எல்லாம். விலை கேட்டவர் டாலரை 62-ஆல் பெருக்கிப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

அந்த அரை மணி நேரமும் நான் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மண்டியில் நான் கல்லாவில் இருப்பேன், அவர் குவியலுக்கு நடுவே இருப்பார். அவர் வேலையை இத்தனை பக்கத்தில் நின்று நான் பார்த்ததில்லை.

சாயங்காலம் கடலோரத் தோட்டம். 25 முதல் 50 மீட்டர் உயரத்தில் இரும்பு மரங்கள், உடம்பெல்லாம் செடியும் கொடியும் ஏற்றியிருக்கிறார்கள். இரவு 7.45-க்கு இசையும் விளக்குமாக ஒரு காட்சி, காசு கிடையாது. எல்லாரும் தரையில் படுத்துப் பார்க்கிறார்கள். நாங்களும் படுத்தோம். நான் அவர் தோளில் தலை வைத்திருந்தேன். ஊரில் என்றால் முடியுமா?

16 ஜூன், ஞாயிறு
கல்யாண நாள்

காலையில் சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில். 1827-ல் கட்டியது, இந்த ஊரின் மிகப் பழைய இந்துக் கோயில். இங்கே ஆங்கிலேயர் குடியேற்றத்தைத் தொடங்கிய ராஃபிள்ஸோடு 1819-ல் வந்த நாராயண பிள்ளை என்ற தமிழர் எழுப்பியது. கோயில் இருப்பது சைனா டவுனுக்குள். கோபுரத்தால்தான் பக்கத்துத் தெருவுக்கு பகோடா ஸ்ட்ரீட், அதாவது கோபுரக் கோயில் தெரு, என்று பெயர் வந்ததாம். அதே சாலையில் சில எட்டு தள்ளி தமிழ் முஸ்லிம்கள் கட்டிய பள்ளிவாசல். இங்கே தீபாவளியை ஒட்டித் தீமிதி நடக்கும் என்று அர்ச்சகர் சொன்னபோது, எங்கள் ஊர்ப்பக்கத்து மாரியம்மன் பண்டிகையும் அம்மா தலையில் மாவிளக்கோடு நடந்ததும் நினைவுக்கு வந்தன.

அர்ச்சனைக்கு அவர்தான் பெயர், நட்சத்திரம் சொன்னார். என் நட்சத்திரத்தைத் தடுமாறாமல் சொன்னார். வருஷா வருஷம் நான்தான் சொல்வேன், அவருக்குத் தெரியாது என்றே நினைத்திருந்தேன்.

புதுச் செருப்பு குதிகாலை உரித்துவிட்டது. மதியம் முழுக்க அறையிலேயே இருந்தோம். அவரே போய்ப் பஞ்சும் ரப்பர் செருப்பும் வாங்கி வந்தார்.

ராத்திரி டுரியான் சாப்பிட கேலாங் என்ற பகுதிக்குப் போனோம். ஜூனில்தான் மலேசிய டுரியான் வரத்து தொடங்குமாம். தெருவோரம் பிளாஸ்டிக் மேசை, எடை போட்டு விற்கிறார்கள், ஓட்டோடு சேர்த்தே எடை. நாளைக்கு பக்ரீத் விடுமுறை என்பதால் எங்கும் கூட்டம். பக்கத்து மேசையில் மன்னார்குடிப் பக்கத்துத் தம்பி ஒருவர், கட்டட வேலை, ஊருக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. கடைக்காரச் சீனப் பெரியவர் சொன்னதை எங்களுக்குத் தமிழில் சொன்னவர் அவர்தான்.

பெரியவர் பழத்தின் அடியில் கத்தியை நுழைத்துத் திருப்பினார். பிளந்தது. உள்ளே வெள்ளைப் பள்ளங்களில் மஞ்சள் சுளைகள், குழந்தை கைமுட்டி அளவு. வாசனை முதலில் முகத்தில் அடித்தது. ஒரு விள்ளல் வாயில் போட்டதும் பாலைச் சுண்டக் காய்ச்சிய மாதிரி நாக்கில் கரைந்தது, கடைசியில் லேசான கசப்பு. எனக்குப் பிடித்துப்போனது. அவர் கையுறையைக் கழற்றிவிட்டு வெறுங்கையால் சாப்பிட்டார்.

"இதை எப்பப் பறிக்கறாங்கன்னு கேளுங்க தம்பி" என்றார். பறிப்பதே இல்லையாம். மரத்திலேயே பழுத்து, தானாக விழுந்த பழத்தைப் பொறுக்கி அன்றைக்கே லாரி ஏற்றுகிறார்கள். அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். "விழுற வரைக்கும் காத்திருப்பாங்களா?" என்று திரும்பவும் கேட்டார். "நாம மாங்காயைக் காயாவே பறிச்சுப் பறிச்சே பழகிட்டோம்" என்று சொல்லி, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் என்னைப் பார்த்து, "அன்னிக்கு லாரியை மறுநாள் இறக்கச் சொல்லியிருக்கலாம் இல்ல?" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. கண் நிறைந்துவிட்டது.

கை வாசனை போக, சுளை எடுத்த ஓட்டுக்குள்ளேயே தண்ணீர் ஊற்றிக் கழுவச் சொன்னார் பெரியவர். முதலில் என் கையைப் பிடித்து என் வீட்டுக்காரர்தான் கழுவிவிட்டார்.

17 ஜூன், திங்கள்

காலையில் தாவரவியல் பூங்கா. 1859-ல் தொடங்கியது, 2015-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. உள்ளே போகக் கட்டணமில்லை. புல்வெளியில் ஒரு தெம்புசு மரம், நூற்றைம்பது வயதுக்கு மேல். தாழ்ந்த கிளை ஒன்று தரைக்கு மேலே கிடையாக நீண்டிருக்கிறது. இங்கத்து ஐந்து டாலர் நோட்டின் பின்பக்கம் இருப்பது இந்த மரம்தான். அவர் நோட்டை எடுத்து மரத்துக்கு நேராகப் பிடித்து, கிளை கிளையாக ஒத்துப் பார்த்தார். "தாத்தா வெச்ச மல்கோவாவைப் போன வருஷம் வெட்டினோமே" என்றார். ரோடு போடுவதற்காகப் போன மரம் அது. வேறு எதுவும் பேசவில்லை.

சாங்கி விமான நிலையத்தில் 40 மீட்டர் உயரத்திலிருந்து கொட்டுகிற உள்ளரங்க அருவியைப் பார்த்துவிட்டு விமானம் ஏறினோம். அழகுதான். ஒகேனக்கல் பார்த்தவர்களுக்கு அது ஒரு நிமிஷம் போதும்.

18 ஜூன், செவ்வாய்
கிருஷ்ணகிரி

வீடு வந்து சேர்ந்தது ராத்திரி இரண்டரைக்கு. காலையில் அவர் வழக்கம்போல மண்டிக்குப் போனார். நான் பத்து மணிக்குப் போனேன். தம்பி மூன்று நாள் வரவையும் ஒரு அடித்தல் இல்லாமல் எழுதி வைத்திருக்கிறான். சந்தூரிலிருந்து ஒரு சின்ன வண்டி செந்தூரா மாங்காய் மட்டும் வந்திருந்தது. இறக்கக் கிடைத்த வேலை அவ்வளவுதான்.

மாற்றாமல் வைத்திருந்த ஐந்து டாலர் நோட்டு கல்லாவுக்கு மேலே லட்சுமி படத்தடியில் இருந்தது. தரம் பிரிக்கிற பெண்கள் அதைக் கை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். அவர் கூடையைக் கீழே வைத்துவிட்டு வந்து, விரல் நகத்தால் அந்தத் தாழ்ந்த கிளையைத் தொட்டுக் காட்டி, "இதுக்குக் கீழதான் நானும் அவளும் நின்னோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.