பழைய துளையிலேயே புதுத் தையல்: இடது ஷூ முடிந்தது

இடது ஷூவின் சோல் தையல் முழுக்க முடிந்துவிட்டது. ஹீலின் ஒரு பக்கத்தில் தொடங்கி, முன்னால் சுற்றி, மறுபக்கம் வரைக்கும் வெல்ட்டில் (ஷூவின் மேல்பாகத்தையும் சோலையும் இணைக்கும் ஓரத் தோல் பட்டை) ஏற்கெனவே இருந்த துளைகளிலேயே ஊசி இறங்கியிருக்கிறது. வெல்ட்டில் புதிதாக ஒரு துளைகூட விழவில்லை. அடியில், நூல் பதிவதற்காகச் சோலில் வெட்டிய காடிக்குள் தையல் கோடு போட்டது போல நேராக உட்கார்ந்திருக்கிறது. கையாலேயே சோல் மாற்றிப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். அதனால் பெருமையாகவே எழுதுகிறேன்.

ஷூ மாமாவுடையது. ரயில்வேயில் இருந்த காலத்தில் வாங்கிய கறுப்பு ஆக்ஸ்ஃபோர்டு; தோல் சோல், குட்இயர் வெல்ட் முறையில் தைத்தது. அப்பர், அதாவது மேல்பாகம், நல்ல கன்றுத்தோல், மடிப்பில் சுருக்கம் உண்டு, வெடிப்பு இல்லை. சோல்தான் முன்பாதத்தில் தேய்ந்து, விரலால் அழுத்தினால் உள்வாங்கியது. அப்பரைச் சுத்தம் செய்து கிரீம் ஏற்றியதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பழைய பாலிஷ் அடுக்குகளைப் பொறுமையாக எடுத்தால் போதும், தோல் தானே மூச்சு விட ஆரம்பித்துவிடும்.

இத்தனை வருஷம் அலமாரியில் கிடந்தும் இந்த ஷூ பிழைத்ததற்குக் காரணம் தோல் சோல்தான். அதே அலமாரியில் இருந்த ஒரு பியூ (பாலியூரித்தேன்) சோல் ஷூவை வெளியே எடுத்ததுமே சோல் பொடிப்பொடியாக உதிர்ந்தது. காற்றில் இருக்கும் ஈரம் அந்த வகை பாலியூரித்தேனை உள்ளுக்குள்ளேயே சிதைத்துவிடுகிறது. போட்டு நடக்கவே வேண்டாம், சென்னைக் காற்று போதும். தோல் சோல் தேயும், ஆனால் மாற்றலாம். மாற்றுவதற்காகவே வடிவமைத்த கட்டுமானம் இது. அப்பரையும் இன்சோலையும் (பாதத்துக்கு அடியில் வரும் உள்தோல்) வெல்ட்டோடு பிடித்திருக்கும் தையல் ஒன்று. வெல்ட்டையும் சோலையும் பிடித்திருக்கும் தையல் வேறு. இரண்டாவதைப் பிரித்தால் முதலாவதுக்கு ஒன்றும் ஆகாது. கைவேலைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்ததை இயந்திரத்துக்குக் கொண்டுவந்து 1871இல் காப்புரிமை வாங்கியவர் சார்லஸ் குட்இயர் ஜூனியர். ரப்பரை வல்கனைஸ் செய்த குட்இயரின் மகன்.

சோலைக் கழற்றியதும் இன்சோலுக்கும் சோலுக்கும் நடுவே நிரப்பியிருந்த கார்க் காய்ந்து, கால் தடம் அப்படியே பதிந்து கிடந்தது. சுரண்டி எடுத்துவிட்டுப் புது கார்க் வைத்தாயிற்று. முதல் தையலின் சங்கிலி எங்கும் அறுபடவில்லை. முதல் தையலைப் பிடித்திருக்கும், இன்சோலில் ஒட்டிய கேன்வாஸ் விலாவும் நகரவில்லை. அது நகர்ந்திருந்தால் கதையே வேறு, ஷூவை லாஸ்ட்டில் (கால் வடிவ அச்சு) ஏற்றி முதலிலிருந்து வர வேண்டும்.

சரி, இனி தையல்.

வெல்ட்டில் பழைய தையல் அங்குலத்துக்கு 8. துளைக்குத் துளை 3 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல். அதை விட்டு நடுநடுவே புதிதாகக் குத்தினால் வெல்ட் தபால்தலை ஓரம் மாதிரி ஆகிவிடும், என்றைக்காவது அப்படியே கிழிந்து கையோடு வரும். ஆகவே பழைய துளையேதான். துளைகளில் அடைத்திருந்த நூல் துணுக்கையும் இறுகிய மெழுகையும் மெல்லிய ஊசியால் ஒவ்வொன்றாகத் தள்ளி எடுத்தேன். சிக்கல் அதற்கு அப்புறம்தான். வெல்ட்டில் துளை இருக்கிறது, புது சோலில் இல்லை. ஊசி எங்கே இறங்க வேண்டும் என்பது முன்பே முடிவாகிவிட்டது. அடியில் எங்கே வெளிவரும் என்பது முழுக்கக் கையின் சாய்வைப் பொறுத்தது. வெல்ட் 3 மி.மீ., சோல் 5 மி.மீ. இந்த 8 மி.மீ. ஆழத்தில் ஊசி 7 டிகிரி சாய்ந்தாலே அடியில் 1 மி.மீ. தள்ளிப் போய்விடும். காடியின் அகலமே ஒன்றரை மி.மீ.தான். காடிக்கு வெளியே வந்த தையல் தரையோடு உரசித் தேய்ந்து சீக்கிரமே அறுந்துவிடும்.

ஐரோப்பியப் பாணியில் இதற்கு இரண்டு முனையிலும் பன்றி முடி கட்டிய நூல். குத்தூசியால் துளைத்து, இரு பக்கமிருந்தும் முடியை நுழைத்து இழுப்பது. எனக்கு அது இந்த வேலைக்கு ஒத்துவரவில்லை. ஈரமான தடித்த தோலில் ஊசியை உருவிய நொடியிலேயே துளை மூடிக்கொள்கிறது. முடி பாதியில் வளைந்து நின்றுவிடுகிறது. நம் ஊர் நடைபாதைகளில் பார்க்கிற கொக்கி ஊசியில் அந்தத் தொல்லையே கிடையாது. மேலிருந்து குத்தியதும் அடியில் இருக்கும் நூலைக் கொக்கியில் மாட்ட வேண்டும். ஊசி திரும்பி வரும்போதே நூலையும் கண்ணியாக மேலே இழுத்துவந்துவிடும். மேல் நூலின் முனையைக் கண்ணிக்குள் விட்டு இரண்டையும் இழுத்தால் பின்னல் சோலின் நடுவில் போய்ப் பூட்டிக்கொள்ளும். துளைப்பதும் நூல் வாங்குவதும் ஒரே அசைவு.

ஆனால் திரும்பி வரும்போது கொக்கி தோலின் நாரைப் பிடித்துக் கிழிக்கும். இதை எப்படித் தவிர்ப்பது என்று படித்துத் தெரிந்துகொள்ள முடியவில்லை, பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். எங்கள் தெருமுனையில் உட்கார்ந்து தைக்கும் அண்ணன், தன் ஊசியைச் சைக்கிள் ஸ்போக்கிலிருந்து தானே அரத்தால் ராவிச் செய்திருக்கிறார். வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கொக்கியின் வாய் நூல் பருமனுக்கு மேல் துளிகூட இல்லை. வாயின் உள்விளிம்பு மழுங்கலாக, கண்ணாடி போலப் பளபளவென்று தேய்த்து வைத்திருந்தார். முனை வட்டமாக இல்லை, லேசாகத் தட்டை. தோலைக் கிழிக்காமல் நாரை விலக்கிக்கொண்டு போகும். இறக்கும்போது கொக்கி அவரைப் பார்த்திருக்கும். நூல் மாட்டியதும் மணிக்கட்டைக் கால்வட்டம் திருப்புகிறார், ஊசியின் முதுகைத் துளையின் சுவரில் சாய்த்தபடியே உருவுகிறார். கொக்கி வாய் எதிர்ச் சுவரைத் தொடுவதே இல்லை. நாலைந்து தையலுக்கு ஒருமுறை ஊசி முனையை மெழுகுக் கட்டியில் ஒரு குத்து. இவ்வளவும் நடக்க ஒரு மூச்சு நேரம்கூட ஆகவில்லை.

சாய்வுக்கான விடையும் அவரிடம்தான் கிடைத்தது. நான் தைப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஊசியையே பாத்துக்கினு இருக்காத சார். கைய அப்பிடியே வச்சிக்கோ, ஷூவத் திருப்பு" என்றார்.

முழு வித்தையும் அந்த ஒரு வரிதான். முன்பக்க வளைவில் நான் ஷூவைப் பிடித்துக்கொண்டு கையைச் சுற்றிச் சுற்றிக் கொண்டுபோனேன். ஒவ்வொரு துளையிலும் முழங்கை வேறு கோணத்தில் இருந்தது. அவர் முறையில் முழங்கை விலாவோடு ஒட்டியே இருக்கும். அடுத்த துளை எப்போதும் அதே இடத்துக்கு, அதே முகமாக வந்து நிற்கும். திரும்புவது ஷூ மட்டும்தான். அவர் பாதங்களால் ஷூவைப் பிடித்துத் திருப்புகிறார். எனக்கு அந்த வளைவு வராது, அதனால் பழைய பெல்ட் ஒன்றைத் தொடைமேல் போட்டு, உள்ளங்காலால் மிதித்து ஷூவை இறுக்கிக்கொள்கிறேன். காலைத் தளர்த்தினால் ஷூ நகரும், மிதித்தால் நிற்கும். இந்த ஏற்பாட்டுக்கு மாறியதிலிருந்து ஊசி காடியை விட்டு வெளியே போகவே இல்லை.

இந்தத் துல்லியத்தோடு நாளெல்லாம் வேலை செய்கிறவரிடம், அறுந்த வார் தைக்க 30 ரூபாய் என்றால் 20க்குப் பேரம் பேசுகிறார்கள். அதே ஆட்கள் பிரான்சிலிருந்து வரும் ஷூ கிரீம் டப்பாவுக்கு எத்தனை ஆயிரம் கேட்டாலும் கொடுக்கிறார்கள். தோலைத் தொட்டவர்களைச் சாதியின் பெயரால் தள்ளி வைத்த ஊர் இது. அவர்கள் கையில் இருந்த அறிவைக் கலை என்று மதித்து எழுதிவைத்தவர்கள் மிகக் குறைவு. அதனால்தான் கொக்கியை எப்படித் திருப்புவது என்பதை நடைபாதையில் குந்தி உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. உட்காரலாம், அதற்குத் தகுதியான வித்தை.

ஈரம் பற்றியும் சொல்லியாக வேண்டும். சோலை நீரில் போட்டால் குமிழி வரும். குமிழி நின்றதும் எடுத்து, நாளிதழில் சுற்றிப் பிளாஸ்டிக் பையில் ஓர் இரவு வைத்தால் ஈரம் உள்ளே வரைக்கும் சமமாகப் பரவும். காலையில் கல்மேல் வைத்துச் சுத்தியலால் தட்டி நாரை இறுக்க வேண்டும். நகத்தால் அழுத்தினால் தடம் தெளிவாக நிற்கணும், நீர் கசியக் கூடாது. அந்தப் பதத்தில்தான் தைக்க முடியும். மின்விசிறிக் காற்றில் தைத்தால் முன்பக்கம் போவதற்குள் ஹீல் பக்கம் காய்ந்துவிடும். தைக்காத பகுதியில் ஈரத்துணி போட்டுக்கொள்ளுங்கள். இரும்புச் சுத்தியலை ஈரத்தோல் மேல் வைத்துவிட்டுப் போகவும் கூடாது. பட்டையில் பதனிட்ட தோலில் இருக்கும் டானினும் இரும்பும் சேர்ந்தால் கருநீலக் கறை, எத்தனை தேய்த்தாலும் போகாது. கடுக்காயும் அன்னபேதியும் (இரும்பு உப்பு) சேர்த்து மை காய்ச்சுவதும் இதே வேதியியல்தான்.

நூல்: லினன். நைலான் இழுத்தால் நீண்டு, விட்டால் சுருங்குகிறது. பூட்டு எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. லினன் ஈரத்தில் பருத்துத் துளையை நிரப்பிக்கொள்ளும். தடித்த லினன் இங்கே சில்லறையில் கிடைக்கவில்லை. புத்தகம் பைண்டிங் செய்கிறவர்களின் லினன் நூலை வாங்கி, 3 இழை சேர்த்துத் தொடையில் உருட்டி முறுக்கினேன். மெழுகுக்கு ரோசின் (பைன் மரப் பிசின்) இரண்டு பங்கு, தேன்மெழுகு ஒரு பங்கு, சில சொட்டு எண்ணெய். வெறும் தேன்மெழுகு வழுக்கும். பிடிப்பு ரோசினில்தான் இருக்கிறது. நூல் துளைக்குள் இழுபடும் சூட்டில் மெழுகு இளகி, நின்றதும் இறுகிப் பிடித்துக்கொள்ளும். குளிர் தேசத்துச் செம்மார் கோடைக்குக் கெட்டியாகவும் குளிருக்கு இளக்கமாகவும் தனித்தனி மெழுகு காய்ச்சுவார்கள். நமக்கு வருஷம் முழுக்கக் கோடை மெழுகுதான். ரோசின் தேடி அலைய வேண்டாம், ரிச்சி தெருவில் சால்டரிங் சாமான் விற்கும் கடைகளில் கட்டியாகவே கிடைக்கும்.

சோல் தோல் வாங்கியதில்தான் வயிற்றெரிச்சல். பெரியமேட்டுத் தோல் கடைகளில் அப்பர் தோல் எந்த நிறத்தில் கேட்டாலும் கிடைக்கும். சோல் தோல் என்றால் முழு பாகமாக எடு என்கிறார்கள். அப்பர் தோல் சதுர அடிக் கணக்கு, சோல் தோல் எடைக் கணக்கு. ஒரு ஜோடிக்கு வேண்டியவன் கிலோ கிலோவாக வாங்கி என்ன செய்வது? ஒரு கடையில் துண்டு தர ஒத்துக்கொண்டு, வயிற்றுப் பகுதித் தோலை முதுகுத் தோல் என்று நீட்டினார்கள். வளைத்துப் பார்த்தாலே தெரிகிறது, பஞ்சு மாதிரி நார் பிரிகிறது. முதுகெலும்பை ஒட்டிய பின்பாகம்தான் சோலுக்கு. வயிற்றுத்தோல் நடக்க நடக்க விரிந்துவிடும். கடைசியில் வேறொரு கடையில் வெட்டியது போக மிஞ்சிய எருமைத்தோல் துண்டுகளில் தேடி, நல்லதாக நான்கு எடுத்தேன். அந்தக் கடைப் பெரியவர் நகத்தால் அழுத்திக் காட்டி, தானே பொறுக்கியும் கொடுத்தார். அடுத்த தடவையும் அவரிடம்தான்.

பெரியமேட்டுக்குப் போனால் ஆவாரம் பட்டைத் தோல் பற்றி விசாரிக்காமல் வர மனசு வராது. கிழக்கிந்தியத் தோல் என்ற பெயரில் திண்டுக்கல், திருச்சி பக்கம் பதனிட்ட ஆட்டுத்தோல் ஒரு காலத்தில் கப்பல் கப்பலாகப் போனது. இன்று புவிசார் குறியீடும் இருக்கிறது. ஆவாரம் பட்டையில் ஊறிய தோல் வெயில் பட்டால் சிவக்கும். அதனால் கடைசியில் கடுக்காய் நீரில் போட்டு எடுப்பார்கள், அப்புறம் புங்க எண்ணெய். மெல்லிய தோல், சோலுக்கு ஆகாது. ஆனால் உள் லைனிங்குக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரிந்து இல்லை. வியர்வையை உறிஞ்சும், காலைக் கடிக்காது. வலது ஷூவின் குதிகால் லைனிங் கிழிந்திருக்கிறது, அதற்கு இதில் ஒரு துண்டு சீவி ஒட்டப் போகிறேன். ஓரத்தைக் காகிதம் போலச் சீவவில்லை என்றால் குதிகாலில் கொப்புளம் வரும்.

இடது ஷூவில் ஓர வேலை பாக்கி. கண்ணாடிச் சில்லால் சுரண்டி, உப்புத்தாள் தேய்த்து, சூடான இரும்பால் மெழுகு ஏற்ற வேண்டும். கறுப்புக்குக் கடைச் சாயம் வாங்கும் எண்ணம் இல்லை. கலம்காரிக்காரர்கள் வெல்லத்தையும் துருப்பிடித்த இரும்பையும் ஊறவைத்துக் கறுப்பு எடுக்கிறார்களே, அதே கரைசலை ஒரு ஜாடியில் போட்டு வைத்திருக்கிறேன். ஓரத்தில் முதலில் கடுக்காய் நீர், காய்ந்ததும் இந்தக் கரைசல். துண்டுத் தோலில் பூசிப் பார்த்தேன். கறுப்பு உள்ளே வரை இறங்குகிறது, நகத்தால் கீறினாலும் கீழே கறுப்பாகவே இருக்கிறது. மேலே நிற்கும் சாயத்தில் இது வராது.

ஹீல் அடிக்கப் பித்தளை ஆணி தேவை. இரும்பு ஆணி துருவேறினால் சுற்றிலும் தோல் கருகி இற்றுப்போகும். 16 மி.மீ. பித்தளை ஆணியைப் பாரிமுனையில் கேட்ட இடத்திலெல்லாம் பெட்டிக் கணக்கில்தான் தருவார்களாம். யாராவது பெட்டியாக வாங்கியிருந்தால் சொல்லுங்கள், பாதியை நான் எடுத்துக்கொள்கிறேன்.