மண்மேட்டில் ஒரு மாதம்: நெய்வேலி நாட்குறிப்பு

மார்ச் 2

காலை ஆறு மணிக்கே மேட்டில் ஏறிவிட்டோம். 1957இல் நேரு தொடங்கிவைத்த காலத்திலிருந்து இங்கே கதை ஒன்றுதான், பழுப்பு நிலக்கரி கீழே கிடக்கிறது, ஒரு டன் எடுக்கச் சுமார் ஐந்தாறு கன மீட்டர் மண்ணை அள்ளித் தள்ள வேண்டும், தள்ளிய மண்தான் இப்படி மலையாக நிற்கிறது. மேட்டில் என்னென்ன உயிர்கள் திரும்பி வந்திருக்கின்றன என்று கணக்கெடுக்க மூன்று இடம் பிரித்துக்கொண்டோம்: கத்திசவுக்கு (அக்கேசியா வகை மரம்) தோப்பு, வேம்பும் புங்கமும் கலந்து நட்ட பகுதி, அப்புறம் ஒன்றும் நடாத மொட்டைச் சரிவு.

மார்ச் 5

கத்திசவுக்குத் தோப்பில் பத்துப் பத்து நிமிடமாக ஆறு முறை நின்று எண்ணினேன். இரண்டு கரிச்சான், ஓர் அணில், அவ்வளவுதான். மரத்தைக் குறை சொல்ல மனமில்லை. ஆழத்திலிருந்து வந்த மண்ணில் மக்கிய சத்து என்பதே கிடையாது, இந்த மரம் வேர் முண்டுகளில் தழைச்சத்தைத் தானே சேர்த்துக்கொண்டு வளரும், சரிவையும் மழையில் கரையாமல் பிடித்து வைத்திருக்கிறது. ஆனால் கீழே சருகு பாய் விரித்த மாதிரி கெட்டியாகக் கிடக்கிறது, கையால் விலக்கிப் பார்த்தால் ஒரு முளைகூட இல்லை.

மார்ச் 9

மொட்டைச் சரிவு. 'அங்க என்ன சார் இருக்கு' என்றார் உடன் வந்த தம்பி. பதினொரு பொந்து இருந்தது, எல்லாம் பஞ்சுருட்டான் குருவி தோண்டியது! ஒன்று எங்கள் கண்ணெதிரிலேயே வேலை செய்தது: அலகால் குத்திக் குத்தி உள்ளே போகும், பிறகு கால்களால் பின்பக்கமாக மண்ணை உதைக்கும், பொந்து வாயிலிருந்து செம்மண் பொடிப்பொடியாகத் தெறிக்கும். இணை பக்கத்து வேரில் தும்பியை அடித்து அடித்துப் பதப்படுத்திக்கொண்டிருந்தது. இந்தச் சரிவிலும் நாற்று நடத் திட்டம் இருக்கிறதாம். குஞ்சுகள் பறக்கும்வரை விட்டுவைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். வெட்டவெளியும் ஒரு வீடுதான், பச்சையாக இல்லை என்பதற்காக அதை மூடிவிடக் கூடாது.

மார்ச் 14

பாறை மேல் நரி எச்சம், காய்ந்தது. உடைத்துப் பார்த்தால் முழுக்க இலந்தைக் கொட்டை, நடுவில் கொஞ்சம் எலி மயிர்.

இன்னும் பெரிய சந்தோஷம் வேம்புக்கடியில். காரைச்செடி நாலு, நுணா இரண்டு, ஒரு சங்கஞ்செடி. யாரும் நடவில்லை. இந்தப் பக்கத்துக் கோயில் காடுகளில் இருப்பவைதான், சின்னான் குருவிகள் பழத்தைத் தின்றுவிட்டு வேப்பங்கிளையில் வந்து உட்கார்ந்து போட்டவை. நட்ட கன்றுகள் எத்தனை என்று மட்டும் கணக்கு எழுதினால் இந்த ஏழும் எந்தக் கட்டத்திலும் வராது, எனக்கோ இந்த ஏழுதான் காடு திரும்புவதற்கான அடையாளம். தனித் தலைப்புப் போட்டு எழுதினேன்.

மார்ச் 23

பறவைகள் உட்கார இடம் கொடுத்தால் விதை தானாக வரும் என்று, தோப்பின் ஓரத்தில் எட்டு மூங்கில் கழி ஊன்றினோம், உச்சியில் குறுக்குக் குச்சி கட்டி. ஒவ்வொன்றின் அடியிலும் பழைய வேட்டித்துணி விரித்திருக்கிறோம். வாரம் ஒருமுறை துணியை உதறி விதை பொறுக்க வேண்டும்.