ஆர்ட்ஸ் படிக்கவா அமெரிக்கா போன?

இலங்கை மலையகத்துப் போகவந்தலாவையில் விடிகாலை ஐந்தரை என்றால் இங்கே முந்திய நாள் மாலை ஆறு. அம்மா தேயிலைத் தோட்டத்துப் பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) கிளம்புவதற்கு முன் ரொட்டி தட்டிக்கொண்டே பேசுவாள். போன வாரம் எடுத்த எடுப்பிலேயே, “ஏம்புள்ள, பக்கத்துக் காம்பரா சித்தி கேக்குறா, ஆர்ட்ஸ் படிக்கவா அவ அமெரிக்கா வரைக்கும் போனான்னு. நான் என்னா சொல்ல?” என்றாள்.

சுருக்கென்றது. ஆனால் சித்தியைக் குறை சொல்ல முடியாது. கணிதமும் உயிரியலும் எடுக்க முடியாதவர்கள் ஒதுங்கும் இடம்தான் நம் ஊரில் ஆர்ட்ஸ். போதாததற்கு நான் சேர்ந்திருப்பது ‘கொலிஜ்’. ஹட்டன் ஹைலண்ட்ஸ் பள்ளிக்கூடமும் கொலிஜ்தான். அங்கே சின்னப் பிள்ளைகள் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) பாஸானவர்கள் போவது கெம்பஸுக்கு, அதாவது பல்கலைக்கழகத்துக்கு. ஆக, தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக் கணக்குப்படி நான் கடல் தாண்டி வந்து மறுபடியும் ஸ்கூலில் சேர்ந்திருக்கிறேன்.

ஊர் பெயர் டெக்கோரா, ஐயோவா மாநிலம். மொத்தச் சனமே 7,500 சொச்சம். சுற்றிலும் சோளக்காடு. லூதர் கொலிஜை 1861இல் தொடங்கியவர்கள் நோர்வேயிலிருந்து குடியேறிய லூத்தரன் கிறிஸ்தவச் சபைக்காரர்கள். (இலங்கையில் நமக்கு நோர்வே என்றால் போர்க்காலச் சமாதானப் பேச்சு. இங்கே பாதிப் பேருக்குப் பாட்டி வீடு.) இவர்கள் சொல்லும் லிபரல் ஆர்ட்ஸ் சித்தி நினைக்கிற ஆர்ட்ஸ் இல்லை. உயிரியல் படிக்க வந்த நானும் வரலாறு, சமயம், கலை என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் படித்தே ஆக வேண்டும். அம்மாவுக்கு இதை மூன்று தடவை விளக்கிவிட்டேன். “எல்லாத்தையும் படிச்சா எதுக்குன்னு புள்ள வேல குடுப்பாங்க?” என்கிறாள். பதில் எனக்கே தெரியாது.

சமயம் என்றதும் சித்திக்கு அடுத்த சந்தேகம்: “வேதத்துல சேத்துட்டாங்களா?” கிறிஸ்தவத்தில் சேரச் சொல்லி யாரும் கேட்கக்கூட இல்லை. ஆராதனைக்குப் போகிறவர்கள் போவார்கள். நான் கொயர் பாடுகிற நாளில் மட்டும் பின்வரிசையில் போய் உட்கார்ந்துகொள்வேன்.

பழகிவிட்டது என்றுதான் எல்லாரிடமும் சொல்கிறேன். பனியில் வழுக்காமல் நடக்கிறேன். சாப்பாட்டுக் கூடத்தில் தட்டுக் கழுவும் வேலையும் கிடைத்திருக்கிறது. முதல் மாதம் ஒருநாள் பத்து நிமிடம் முன்னால் கிளம்ப வேண்டியதாயிற்று. தோட்டத்தில் போல அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம் மட்டும், போட்டுவிடுவார்களோ என்று அன்று ராத்திரி தூக்கமே இல்லை. குறைத்தது பத்து நிமிடத்துக் காசுதான். கொழுந்து இரண்டு கிலோ குறைந்ததற்கு அம்மாவுக்கு அரைப்பேர் விழுந்த நாட்களில் அடுப்படியில் இருந்த அமைதி எனக்கு இன்னும் மறக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை, கூடப் படிக்கிறவளின் பாட்டி லெஃப்சா சுட்டுக் கொடுத்தார். உருளைக்கிழங்கு ரொட்டி, அவ்வளவுதான். ஆனால் வட்டக் கல்லில் மெல்லிய குச்சியால் அதைப் புரட்டிப் போட்ட லாவகம் இருக்கிறதே! உறைப்பான கட்டசம்பல் கேட்கலாமா என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அவர் சீனி தூவி நீட்டினார். அப்புறம் ஊரிலுள்ள வெஸ்டர்ஹைம் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனார். நோர்வேயிலிருந்து கப்பலில் வந்த மரப்பெட்டிகள். ஒவ்வொன்றிலும் பூவேலை, நடுவில் சொந்தக்காரரின் பெயர், வருடம். ஒரு பெட்டியின் பூட்டு கூட அப்படியே இருந்தது.

அதே பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் எங்கள் ஆட்களும் தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து வந்து மன்னாரில் இறங்கி மாத்தளைக்கு நடந்தார்கள். என்ன கொண்டுவந்தார்கள்? தெரியாது. எந்த ஊர்? “திருச்சிப் பக்கம்” என்பதோடு தாத்தாவின் கதை முடிந்துவிடும். 1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்ததும் அந்தத் தாத்தாவே நாடற்றவர். பெட்டிகளுக்கு முன்னால் நான் நேரம் கழித்ததைப் பார்த்துப் பாட்டி, “பிடித்திருக்கிறதா?” என்று கேட்டார். ரொம்ப அழகு என்றேன். பொய்யில்லை.

அன்று ராத்திரிதான் சமய வகுப்புக் கட்டுரைக்கு காமன் கூத்தை, தோட்டத்தில் ஆடும் மன்மதன்–ரதி கதையை, எடுத்தேன். மாசிக் குளிர், தப்புச் சத்தம், அம்மாவின் கூறைச்சேலையைக் கட்டிக்கொண்டு ரதியாக வந்த அப்பா, விடியும்போது அந்தச் சேலை ஓரத்தில் அப்பியிருந்த சிவப்பு மண். எழுத எழுதப் பக்கம் நிறைந்தது. ஏ கிடைத்தது.

நேற்று அம்மாவிடம் சொன்னேன். “காமன் ஊண்டுறதையா? அத இங்கயே படிச்சிருக்கலாமே!” என்று சிரித்தாள். முழுசாக வாசிக்கச் சொன்னாள். தமிழாக்கி வாசித்தேன். அமாவாசையன்று காமன் கம்பம் ஊன்றுவார்கள் என்ற வரியில் நிறுத்திவிட்டாள்.

“அமாவாசையில யாரு ஊண்டுனா? மூணாம் பிறையில்ல?”

“ஐயோ, ஆமாம்மா.”

“தப்பா எழுதினதுக்கா புள்ள அந்த மார்க்கு?” என்றாள். அதற்குள் அங்கே பெரட்டுக்கு நேரமாகிவிட்டது.