கோட்க்யூஎல் பழகுகிறேன்: பாக்கெட்டிலிருந்து மெம்காப்பி வரை

நிரலை டேட்டாபேஸாக்கி, அதில் க்வெரி எழுதிப் பிழை தேடும் கருவி கோட்க்யூஎல். பயிற்சிக்கு யூ-பூட் பூட்லோடரின் (சாதனத்தைத் துவக்கும் நிரல்) பழைய பதிப்பை எடுத்துக்கொண்டேன். 2019-ல் அதன் நெட்வொர்க் பகுதியில் 13 சிவிஇ-கள் (எண் கொடுத்துப் பதிவான பாதுகாப்புப் பிழைகள்) வெளியாயின. விடை தெரிந்த கணக்கு என்பதால், க்வெரி எதைப் பிடிக்கிறது, எதை விடுகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஆரம்பிப்பவர்களுக்கு முதலில் ஒன்று. சி மொழிக்குக் கோட்க்யூஎல் வழக்கமாக பில்ட் ஓடும்போதே கவனித்து டேட்டாபேஸைக் கட்டுகிறது. கம்பைல் ஆகாத கோப்பு அதற்குள் வராது. யூ-பூட்டில், நெட்வொர்க் வழியே கோப்பை வாசிக்கும் என்எஃப்எஸ் கமாண்டை கான்ஃபிகில் இயக்காவிட்டால், பிழைகள் நிறைந்த அந்தக் கோப்பே டேட்டாபேஸில் இருக்காது. க்வெரி எவ்வளவு நன்றாக இருந்தாலும் பலனில்லை.

ஃப்ரம், வேர், செலக்ட் எழுத்து முறை சீக்கிரம் பழகிவிடும். நேரம் பிடிப்பது வேறு: "ஆபத்தான தரவு" எது என்று சொல்வது. எந்தெந்த ஃபங்ஷன் பாக்கெட்டை வாசிக்கிறது என்று பட்டியல் போடலாம், ஆனால் அது முடியாத வேலை. யூ-பூட்டில் அழகான குறுக்குவழி ஒன்று உண்டு. நெட்வொர்க்கில் வரும் எண்ணின் பைட் வரிசையைத் திருப்ப என்-டு-எச்-எல், என்-டு-எச்-எஸ் என்ற மேக்ரோக்களைப் பயன்படுத்துகிறார்கள். ஒரு எண் அதன் வழியாக வந்தால், பெரும்பாலும் வெளியிலிருந்து வந்த எண்தான். அதுவே சோர்ஸ், அதாவது ஆபத்தான தரவு புறப்படும் இடம். இவை கம்பைலுக்கு முன்பே வேறு வரிகளாக விரிந்துவிடும் மேக்ரோ என்பதால் ஃபங்ஷன் பெயரில் தேடினால் கிடைக்காது. மேக்ரோ இன்வொகேஷனைப் பிடித்து, அது விரியும் எக்ஸ்பிரஷனை எடுக்க வேண்டும்.

சிங்க், அதாவது அந்தத் தரவு போய்ச் சேரக் கூடாத இடம், எளிது: நினைவகத்தில் நகலெடுக்கும் மெம்காப்பி ஃபங்ஷனின் மூன்றாவது ஆர்குமெண்ட், அதாவது நகலெடுக்கும் நீளம். சுழியத்திலிருந்து எண்ணுவதால் க்வெரியில் அது 2. இரண்டையும் இணைக்க டேட்டாஃப்ளோ போதாது, மதிப்பு மாறினாலும் தடத்தை விடாமல் பின்தொடரும் டெயிண்ட் டிராக்கிங் வேண்டும். நீளத்தோடு எதையாவது கூட்டினால் மதிப்பு மாறிவிடுகிறது. மதிப்பு மாறாமல் போகும் பாதையை மட்டும் பார்க்கும் டேட்டாஃப்ளோ அங்கேயே நின்றுவிடும்.

இதை ஓட்டியதும் என்எஃப்எஸ் கோப்பிலிருந்து வரிசையாக இடங்கள் வந்தன. அடுத்தது பேரியர்: நீளத்தைச் சரிபார்த்த பிறகு நடக்கும் நகலெடுப்பைப் பட்டியலிலிருந்து நீக்குவது. ஏதேனும் ஒரு வரம்போடு ஒப்பிட்டிருந்தால் விட்டுவிடு என்ற தாராளமான பேரியரோடு ஒரு முறை, பேரியரே இல்லாமல் ஒரு முறை ஓட்டி, காணாமல் போனவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து படித்தேன். எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது இந்தப் படிப்புதான்.

காணாமல் போனவற்றில் ஒன்று, என்எஃப்எஸ் லுக்கப் (கோப்பைத் தேடும் கோரிக்கை) பதிலைக் கையாளும் ஃபங்ஷன். பாக்கெட்டிலிருந்து நீளத்தை எடுக்கிறது, 64-ஐ விடப் பெரிதா என்று பார்க்கிறது, பெரிதென்றால் 64 ஆக்கிவிட்டு நகலெடுக்கிறது. கண்ணுக்குச் சரியாகத்தான் தெரிகிறது. ஆனால் அந்த மாறி, எதிர்மறை எண்ணையும் ஏற்கும் சைன்டு இன்ட். எதிர்மறை எண் வந்தால் 64-ஐ விடச் சிறியதுதான், சோதனையைத் தாண்டிவிடும். மெம்காப்பி வாங்குவதோ எதிர்மறையே இல்லாத அன்சைன்டு நீளம். கழித்தல் 1 அங்கே பிரம்மாண்டமான எண்ணாகிவிடும். இதுதான் சிவிஇ-2019-14196. அதற்குப் போட்ட திருத்தமும் பலிக்காமல், சிவிஇ-2022-30767 என்று மறுபடி பதிவாகி, மாறியை அன்சைன்டு ஆக்கிய பிறகே அடைபட்டது. சோதனை இருக்கிறதா என்று மட்டும் கேட்கும் க்வெரி இந்தப் பிழையை மறைத்துவிடும். அந்தச் சோதனை எந்தெந்த மதிப்பை உள்ளே விடுகிறது என்றும் கேட்க வேண்டும்.

அதனால் பேரியரை இறுக்கினேன். ஒப்பீடு அன்சைன்டாக இருக்க வேண்டும், இல்லையென்றால், மாறி எடுக்கக்கூடிய மதிப்பின் எல்லைகளைக் கணிக்கும் ரேஞ்ச் அனாலிசிஸ் சொல்லும் கீழ்வரம்பு சுழியத்துக்குக் குறையக் கூடாது. லுக்கப் ஃபங்ஷன் பட்டியலுக்குத் திரும்பிவிட்டது. 2022 திருத்தத்துக்குப் பிந்தைய பதிப்பில் ஓட்டினால் அது வருவதில்லை. இந்த இரண்டு விடைகளையும் அடுத்தடுத்துப் பார்த்தபோது கிடைத்த நிறைவு பெரிது.

இப்போது கையிலிருப்பது சிவிஇ-2019-14192. யூடிபி பாக்கெட்டின் நீளத்திலிருந்து தலைப்பின் 8 பைட்டைக் கழிக்கிறார்கள். வந்த நீளம் 8-க்குக் குறைவென்றால் கணக்கு தலைகீழாகிறது. அந்த எண், எந்த ஃபங்ஷனை அழைப்பது என்பதை ஓடும்போதுதான் காட்டும் ஒரு ஃபங்ஷன் பாயிண்டர் வழியாகத்தான் அடுத்த ஃபங்ஷனுக்குப் போகிறது. எந்தெந்த ஹேண்ட்லர் அந்தப் பாயிண்டரில் வந்து உட்காரலாம் என்று க்வெரிக்குச் சொல்லும் கூடுதல் ஃப்ளோ ஸ்டெப்பை எழுதிக்கொண்டிருக்கிறேன்.