அவரிடம் நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை

வந்த காவலர் என்னிடம் கேட்ட முதல் கேள்வியே, "நீங்க அவரைப் போகச் சொன்னீங்களா?" என்பதுதான். எனக்குப் பதில் வரவில்லை. நான் வேலை பார்க்கும் உணவகத்தின் மூலை மேசையில் நான்கு மணி நேரமாக உட்கார்ந்திருந்த அந்தப் பெரியவரைப் பற்றிப் போலீஸுக்கு இரண்டு முறை போன் செய்திருந்தேன். முதலாளிக்குச் செய்தி அனுப்பியிருந்தேன். கவுன்டரில் நின்ற பெண்ணிடம் புலம்பியிருந்தேன். அவரிடம் மட்டும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

"அப்ப இப்ப சொல்லுங்க. எங்க முன்னாடியே சொல்லுங்க" என்றார் காவலர்.

சொன்னேன். பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். மடியிலிருந்த துணிப்பையின் வாயை இரண்டு முடிச்சாகப் போட்டுக்கொண்டு எழுந்தார். "இதை நீயே வந்து சொல்லியிருந்தா அப்பவே போயிருப்பேனே தம்பி" என்றார். நாற்காலியை மேசைக்கு அடியில் ஒழுங்காகத் தள்ளி வைத்துவிட்டு, இரண்டு காவலர்களுக்கு நடுவில் நடந்து வெளியே போனார். உணவகத்தில் இருந்த எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அதைப் பார்த்தார்கள். அந்த நாற்காலியை அவர் தள்ளி வைத்த விதம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

மாலை ஷிப்டுக்கு நான் பொறுப்பேற்றுச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. யாரையாவது வெளியே போகச் சொல்வதென்றால் எனக்குப் பயம். சண்டை வருமோ, அடித்துவிடுவாரோ என்று நினைத்தேன். போலீஸைக் கூப்பிட்டுவிட்டால் அந்தப் பேச்சிலிருந்து தப்பிக்கலாம் என்பதுதான் என் கணக்கு. என்னைப் போலவே பலர் நினைக்கிறார்கள் என்பது பிறகு தெரிந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அன்று இரவே தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டேன். அவர் சொன்ன அடிப்படை எளிது. கடையைத் திறந்து வைத்தாலே, வருகிறவர்களுக்கு அனுமதி கொடுத்தாகிவிட்டது. அந்த அனுமதியைத் திரும்பப் பெறும் உரிமை கடைக்காரருக்கு உண்டு. ஆனால் திரும்பப் பெற்றதை அந்த ஆளிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும், பையை எடுத்துக்கொண்டு கிளம்ப நியாயமான அவகாசம் தர வேண்டும். அதற்குப் பிறகும் போகாமல் இருந்தால்தான் அது அத்துமீறல்.

அப்போதும் அது எல்லா இடத்திலும் குற்றமாகிவிடாது. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில், போகச் சொன்ன பிறகும் நிற்பதே குற்றம். இங்கிலாந்தில் கடைக்குள் வெறுமனே நிற்பது பெரும்பாலும் சிவில் விவகாரம்தான். இந்தியச் சட்டத்தில் மிரட்டும், அவமதிக்கும், தொல்லை தரும் நோக்கமோ குற்றம் செய்யும் நோக்கமோ இருந்தால்தான் அது கிரிமினல் அத்துமீறல். ஆகவே சில இடங்களில் போலீஸ் வந்தாலும், அடிதடி நடக்காமல் பார்த்துக்கொள்வதைத் தாண்டி அதிகம் செய்ய முடியாது.

காசு கொடுத்தவரைப் போகச் சொல்லலாமா என்று கேட்டேன். அந்தக் கேள்விக்கே பழைய வரலாறு இருக்கிறது. 1845இல், குதிரைப் பந்தயத்துக்குச் சீட்டு வாங்கி வந்தவரை வெளியேற்றிய வழக்கில், சீட்டு இருந்தாலும் அனுமதியை ரத்து செய்யலாம் என்றது ஆங்கிலேய நீதிமன்றம். 1915இல் இன்னொரு வழக்கு. சீட்டு வாங்கவில்லை என்று தப்பாக நினைத்து ஒருவரைத் திரையரங்கிலிருந்து வெளியேற்றிவிட்டார்கள். அவருக்கு நஷ்டஈடு கிடைத்தது. எனக்கு இரண்டாவது தீர்ப்புதான் நியாயமாகப் படுகிறது. பணத்தை வாங்கிக்கொண்டு, ஒழுங்காக உட்கார்ந்திருப்பவரைக் காரணமில்லாமல் எழுப்புவது தப்பு.

காரணம் என்று வரும்போதுதான் இந்த உரிமைக்கு எல்லை வருகிறது. ஒருவர் யார் என்பதற்காக அவரைப் போகச் சொல்ல முடியாது, என்ன செய்தார் என்பதற்காகத்தான் சொல்லலாம். மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் ஆகியவற்றைக் காட்டிக் கடைகளிலோ உணவகங்களிலோ யாரையும் தடுக்கக் கூடாது என்று இந்திய அரசியலமைப்பின் 15(2)ஆவது பிரிவு சொல்கிறது. அமெரிக்காவில் 1960 பிப்ரவரி 1 அன்று கிரீன்ஸ்பரோவில் நான்கு கறுப்பின மாணவர்கள், வெள்ளையருக்கு மட்டும் பரிமாறிய ஒரு கவுன்டரில் உட்கார்ந்தார்கள். போகச் சொன்னபோதும் கடை மூடும்வரை எழுந்திருக்கவில்லை, மறுநாளும் வந்தார்கள். அப்படிப்பட்ட போராட்டங்களுக்குப் பிறகுதான் 1964இல், உணவகம் போன்ற இடங்களில் இனப்பாகுபாட்டைத் தடுக்கும் குடிமை உரிமைகள் சட்டம் வந்தது.

அதன் பிறகும் நடக்கத்தான் செய்கிறது. 2018 ஏப்ரல் 12 அன்று பிலடெல்பியாவில் ஒரு ஸ்டார்பக்ஸ் கடையில், ஒரு சந்திப்புக்காகக் காத்திருந்த இரண்டு கறுப்பின இளைஞர்களைக் கைவிலங்கிட்டுக் கூட்டிப்போனார்கள். அவர்கள் வந்து சில நிமிடங்களிலேயே மேலாளர் போலீஸுக்குப் போன் செய்துவிட்டார். வழக்கு எதுவும் போடப்படவில்லை. மே 29 அன்று ஸ்டார்பக்ஸ் நிறுவனம் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகளைப் பிற்பகலில் மூடி, இனப்பாகுபாடு பற்றி ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்தது. இதைப் படித்தபோது எனக்கு உடம்பு கூசியது. என் பெரியவர் கொஞ்சம் நல்ல சட்டை போட்டிருந்தால் நான் போனை எடுத்திருப்பேனா? எடுத்திருக்க மாட்டேன். பக்கத்து மேசையில் அவரைப் போலவே வெகுநேரமாக லேப்டாப்போடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் என் கண்ணில் படவே இல்லை.

அடுத்த வாரம் முதலாளியோடு உட்கார்ந்து பேசினேன். எத்தனை நேரம் உட்காரலாம் என்பதை வாசலில் எழுதி ஒட்டினோம், எல்லோருக்கும் ஒரே மாதிரி. போகச் சொல்லும் அதிகாரம் அந்தந்த ஷிப்ட் பொறுப்பாளருக்கு மட்டும். யாரையாவது போகச் சொன்னால் நேரத்தோடு எழுதி வைக்கக் கவுன்டரில் ஒரு நோட்டு வைத்தோம்.

சில மாதம் கழித்து அந்த நோட்டுக்கு வேலை வந்தது. ஒருவர் பில்லில் தகராறு செய்து, கவுன்டர் பெண்ணின் முகத்துக்கு நேராக விரலை நீட்டிக் கத்தினார். நான் அவளைப் பின்னால் அனுப்பிவிட்டு, கைக்கு எட்டாத தூரத்தில் நின்று, குரலை உயர்த்தாமல் சொன்னேன்: "சார், நான்தான் இங்க பொறுப்பு. எங்க ஆளை மிரட்டிட்டீங்க. நீங்க வெளியே போகணும்." நோட்டில் நேரத்தை எழுதினேன்: 7.40. அவர் முறைத்தார். ஐந்து நிமிடம் விட்டு மறுபடி சொன்னேன். போகவில்லை என்றால் போலீஸைக் கூப்பிடுவேன் என்றும் சொன்னேன். மேசையைத் தட்டினார். கையைப் பிடித்து இழுக்கத் தோன்றியது, தொடவில்லை. தள்ளுமுள்ளு ஆனால் அடித்தது யார் என்பது தனி வழக்காகிவிடும். 7.52க்குப் போன் செய்தேன்.

போனில், கத்தினார், விரலை நீட்டினார், மேசையைத் தட்டினார், கையில் ஆயுதம் எதுவும் இல்லை என்று பார்த்ததை மட்டும் சொன்னேன். "சந்தேகப்படும்படி இருக்கிறார்" என்று முன்பு பெரியவரைப் பற்றிச் சொன்ன வார்த்தையை இந்த முறை வாயில் எடுக்கவே இல்லை. போனில் நாம் சொல்வதைக் கேட்டுத்தான் வருகிற காவலர்கள் தயாராகி வருகிறார்கள்.

வந்தவர்கள் அதே கேள்வியைக் கேட்டார்கள். நோட்டைக் காட்டினேன். கேமரா பதிவை எடுத்து வைத்திருப்பதாகச் சொன்னேன். காவலர் வாசித்துப் பார்த்துவிட்டு, தகராறு செய்தவர் பக்கம் திரும்பி, "இரண்டு தடவை சொல்லியிருக்காங்க, கிளம்புங்க" என்றார். அவ்வளவுதான், போய்விட்டார். இனி வரக் கூடாது என்பதைப் பிறகு எழுத்தில் கொடுத்தோம். காரணம், தேதி, எவ்வளவு காலத்துக்கு, யாரிடம் முறையிடலாம் எல்லாம் அதில் இருந்தது.

கவுன்டர் பெண் அன்று வீட்டுக்குக் கிளம்பும்போது, "அந்தப் பெரியவருக்கும் இப்படிச் சொல்லியிருக்கலாம்ல அண்ணா" என்றாள். ஆமாம் என்றேன். அவர் அதற்குப் பிறகு எங்கள் பக்கம் வரவே இல்லை.