43 லட்சம் டிகிரி காட்டிய டிரைவர்

64 பிட் ஆர்ம் ப்ராசசர் போர்டு ஒன்றில் வெப்பநிலை சென்சார் ஃபர்ம்வேரின், அதாவது போர்டிலேயே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளின், பிடியில் இருந்தது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் அதை நேரே தொட முடியாது, எஸ்எம்சி என்ற, ஃபர்ம்வேரைக் கூப்பிடும் அழைப்பு போட்டுக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். அதற்கு ஒரு சின்ன ஹெச்டபிள்யூமான் (வெப்பநிலை போன்ற அளவுகளைக் காட்டும் கெர்னல் பகுதி) டிரைவர் எழுதினேன், என் போர்டில் ஒழுங்காக ஓடியது. அதே போர்டைப் பழைய ஃபர்ம்வேரோடு வைத்திருந்த நண்பர் போட்டுப் பார்த்துவிட்டு அனுப்பிய அளவு: 4294967295. மில்லிடிகிரி கணக்கு என்பதால் ஏறக்குறைய 43 லட்சம் டிகிரி, போர்டு உருகாமல் இருந்ததே பெரிய விஷயம்.

அந்த எண்ணைப் பார்த்ததுமே எனக்கு உறைத்திருக்க வேண்டும். அதில் 32 பிட்டும் 1, குறியுள்ள எண்ணாகப் படித்தால் அது -1. தெரியாத அழைப்பு வந்தால் ஃபர்ம்வேர் -1 தர வேண்டும் என்பது விதி. பாவம், அது 'எனக்குத் தெரியாது' என்று முறையாகத்தான் சொல்லியிருக்கிறது, நான்தான் அதை வெப்பநிலை என்று எடுத்துக்கொண்டேன்.

சரி, ப்ரோப்பில் (டிரைவர் தன் சாதனத்தோடு இணையும்போது கெர்னல் கூப்பிடும் ஃபங்ஷன்) எதையும் பதிவு செய்வதற்கு முன்பே ஒரு முறை கூப்பிட்டுப் பார்த்து, பதில் சுழியத்துக்குக் கீழே இருந்தால் விலகிவிடட்டும் என்று எழுதினேன். மறுபடியும் அதே 4294967295. அரை நாள் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் கண்ணில் பட்டது, பதில் வந்து விழும் புலம் அன்சைன்ட் லாங், அதாவது மைனஸ் குறியே இல்லாத எண் வகை, அது எந்தக் காலத்திலும் சுழியத்துக்குக் கீழே போகாது, கம்பைலரும் வாயைத் திறக்கவில்லை. நேராக -1 உடன் ஒப்பிட்டேன். அதுவும் பொருந்தவில்லை, ஏனென்றால் அந்த ஃபர்ம்வேர் கீழ் 32 பிட்டை மட்டும் நிரப்பி மேல் பாதியைச் சுழியமாக விட்டிருந்தது. பதிலை 32 பிட் சைன்ட் (மைனஸ் குறியும் ஏற்கும்) எண்ணாக மாற்றி ஒப்பிட்டதும்தான் வழிக்கு வந்தது.

அப்புறம் எந்தப் பிழைக் குறியைத் திருப்புவது என்ற கேள்வி. அவசரத்தில் 'பிறகு மறுபடி முயன்று பார்' என்று சொல்லும் 'ப்ரோப் டிஃபர்' போட்டிருந்தேன், டிரைவர் காத்திருப்போர் பட்டியலிலேயே உட்கார்ந்துவிட்டது. புது ஃபர்ம்வேர் போட்டு ரீபூட் செய்யாமல் பதில் மாறப்போவதில்லை, பிறகு எதற்குக் காத்திருப்பு? 'அப்படி ஒரு சாதனம் இல்லை' என்று சொல்லும் 'ஈநோடெவ்' என்று மாற்றினேன். அதைக் கெர்னல் பிழையாகவே அலறாது, சத்தமில்லாமல் ஒதுங்கிவிடும்.

அந்த அமைதியிலும் ஒரு தொல்லை. மறுநாள் நண்பர் கேட்டார், "சென்சாரே காணோமே, டிரைவர் லோடு ஆகவில்லையா?" ஃபர்ம்வேரில் இந்த வசதி இல்லை என்று லாகில் ஒரே ஒரு வரி எழுத வைத்தேன்.